நெஞ்சளவுக் கதவு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளே. கையில் இருக்கிற வேலையை நிறுத்த வேண்டாம், காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுத்தால் போதும். ஒரு ஃபோன் பேச்சைக் கதையாகச் சொல்லப் போகிறேன். எதிர்முனையில் பேசியவனின் குரல் உங்களுக்குக் கேட்காது. ஆனால் அவன் சொன்னது ஒவ்வொன்றும் புரிந்துவிடும், அதற்கு நான் பொறுப்பு.

ஒரு தையல் கம்பெனி. நாற்பது பெண்கள், மூன்று கழிப்பறை. எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த மூன்று கதவுகளையும் மேனேஜர் நெஞ்சளவுக்கு அறுக்கச் சொல்லிவிட்டார். யார் உள்ளே போகிறாள், எத்தனை நிமிடம் இருக்கிறாள் என்று வராந்தாவில் நின்றபடியே தலையைப் பார்த்துச் சொல்லிவிடலாம் அல்லவா? அவருக்குப் பெண்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்டாப்வாட்ச். பெண்கள் சும்மா இருப்பார்களா? கழித்துப் போட்ட துணி ஒன்றை எடுத்தார்கள். ஒரு முனையை ஆணியில் மாட்டுவது, மறுமுனையை ஒருத்தி தூக்கிப் பிடிப்பது, இன்னொருத்தி உள்ளே போய் வருவது. அதுதான் வழக்கமாகிவிட்டது.

அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் துணி பிடித்து நின்றவள் செக்கர் அக்கா. தைத்து முடிந்த சட்டைகளைக் கடைசியாகப் பார்த்து அனுப்புகிறவள், இருபத்திரண்டு வருட சர்வீஸ். உள்ளே போயிருந்தவள் ஏழு மாதக் கர்ப்பிணியான பட்டன் பொண்ணு. அக்காவின் வலக்கையில் துணி, இடக்கையில் ஃபோன். மூன்றாவது தடவை மணி போய், ஒருவழியாக எடுத்தான், அவளை வீடியோ எடுத்துப் போட்ட நிருபர்.

"ஹலோ... ஹலோ, தம்பியா? நான்தான், செக்கர் அக்கா... ஆமா ஆமா, அதே அக்காதான். 'முழுக் கதவு' அக்கா... நீங்களும் ஃபோன்ல அந்தப் பேர்லதான் போட்டு வச்சிருக்கீங்களா?... சும்மா கேட்டேன். சிரிக்காதீங்க... சாப்பிட்டேன். ஒரு வாய். விஷயத்துக்கு வரேன் தம்பி, அரை மணி நேரம்தான் இருக்கு, அதுல பாதி போயிடுச்சு. அந்த வீடியோவை எடுத்துடுங்க."

எதிர்முனையில் அவன் பேச ஆரம்பித்தான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"ஆமா... ஆமா, நான்தான் கூப்பிட்டேன். நீங்களா வரல, நானாத்தான் வரச் சொன்னேன்... ஆமா, 'ஊரு உலகத்துக்கே தெரியட்டும்'னு சொன்னவளும் நான்தான், மறக்கல... நீங்க தப்பு பண்ணீங்கன்னு யாரு சொன்னா? இங்க மூச்சுவிட ஆள் இல்லாதப்ப நீங்க ஒருத்தர்தான் கேமராவைத் தூக்கிட்டு வந்தீங்க..."

அந்த வீடியோவில் அவள் இதே கதவுக்கு முன்னால் நின்று பேசியிருந்தாள். பேசப் பேச அழுகை முட்டிக்கொண்டு வந்து, 'ஒரே ஒரு முழுக் கதவு குடுங்கய்யா' என்று எதிரே வந்து நின்ற மேனேஜரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள். கதவு கேட்டுப் பெண்கள் கோர்ட்டில் போட்ட கேஸுக்கும் அந்த வீடியோதான் சாட்சி. மூன்று நாள் ஊரே பரிதாபப்பட்டது. நான்காம் நாள் யாரோ அந்த அழுகைக்குத் தாளம் போட்டுப் பாட்டாக்கி விட்டான்.

"...அதை நான் சொல்லல தம்பி, ஆடறாங்களே, அதைச் சொல்றேன். ஸ்கூல் ஆண்டு விழாவுல ஆடறாங்க. தாவணியில கண்ணைத் துடைக்கிற மாதிரி ஒரு ஸ்டெப்பு வேற... எங்க தெரு வாண்டுங்க கதவைத் தட்டிட்டு 'முழுக் கதவே'ன்னு கத்திட்டு ஓடுதுங்க... ப்ளைவுட் கடைக்காரன் போர்டுல என் மூஞ்சி. அழற மூஞ்சி. பக்கத்துல 'அழாதீங்க அக்கா, வாங்க நம்ம கடைக்கு'ன்னு எழுதியிருக்கான்... இன்னொண்ணு கேட்டீங்களா? நான் மெத்தை விக்கறேன். என் குரல்ல. கம்ப்யூட்டர்ல செஞ்சதாம். அந்த மெத்தைய நான் தொட்டதுகூட இல்ல தம்பி, அதுல படுத்தா முதுகுவலி போகும்னு சத்தியம் பண்றேன்!"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"என்ன சுதந்திரம்?... ம்... பேச்சு சுதந்திரம். கிண்டல் பண்றதும் அதுல சேர்த்தியா... ம்... இருக்கட்டும், வேணாங்கல. அது இல்லேன்னா நான் உங்ககிட்ட வாயைத் திறந்திருக்கவே முடியாதே... ஆனா தம்பி, மேனேஜரைக் கிண்டல் பண்ணட்டும், அவர் தாங்குவாரு. நான் என்ன மந்திரியா, நடிகையா?... என்னடி? ஆச்சா?... மெதுவா வா, துணி இறங்காது. அவசரப்பட்டு வழுக்கி விழுந்து வைக்காத... இல்ல தம்பி, உங்கள இல்ல, இங்க உள்ள ஒரு பொண்ணு. நீங்க சொல்லுங்க..."

வராந்தாவின் கோடியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்காவின் குரல் சட்டென்று மாறியது.

"...ஆமாம்மா, மாத்திரை போட்டியா? வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடிம்மா... நீ எதுக்கும்மா ஏணியில எல்லாம் ஏறற? இறங்கு முதல்ல..."

ஸ்டாப்வாட்ச் நடந்து வந்தார். துணியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டடி தூரத்தில் அக்காவின் முகத்தைப் பார்த்தார். வழக்கமாகத் திட்டுகிற மனிதர் அன்றைக்குப் புன்னகைத்துவிட்டுப் போனது அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"...போயிட்டாரு. இல்ல தம்பி, ஏணியும் இல்ல, அம்மாவும் இல்ல, அவங்க போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு... சொல்லுங்க. எடுக்க முடியாதா? சரி, எடுக்க வேணாம். என் மூஞ்சிய மட்டும் மறைச்சிடுங்க. கட்டம் கட்டமா ஒண்ணு போடுவீங்களே... ஃபாரமா? எந்த ஃபாரம்?... ஆங், கையெழுத்து வாங்கினீங்க. ஆமா... அதுல 'முகத்தைக் காட்டலாம்'னு டிக் பண்ணியிருக்கேனா?... இருக்கும். 'முகத்தை மறைக்கவும்'னு பக்கத்துல இன்னொரு கட்டம் இருந்துச்சே, அது?... அதுலயும் டிக்கா?... ஐயோ..."

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அவள் மேசைக்கு வரும் ஒவ்வொரு சட்டைக் கட்டோடும் ஒரு சீட்டு வரும். காலர், கை, பட்டன், ஓரத் தையல் என்று பன்னிரண்டு கட்டம். ஒவ்வொன்றிலும் டிக் போட வேண்டும். 'சரி' என்று அதற்கு அர்த்தமில்லை, 'பார்த்துவிட்டேன்' என்று அர்த்தம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மொத்தக் கட்டும் திரும்பி வந்துவிடும். இருபத்திரண்டு வருடம் பழகிய கை. நிருபர் நீட்டிய தாளிலும் ஒரு கட்டம் விடாமல் டிக் போட்டுக் கொடுத்திருக்கிறது.

"...எல்லாத்துலயும் போட்டேன் தம்பி. எங்க வேலையில அப்படித்தான். படிச்சுப் பாத்தேன்னு போட்டேன்... நீங்க கேட்டிருக்கலாம்ல? ரெண்டுலயும் போட்டிருக்கே, எதும்மான்னு ஒரு வார்த்தை?... ம்... அவசரம்... ம்... சரி, ஃபாரம் செல்லாதுன்னு நானே எழுதிக் குடுத்துடறேன். அப்போ மறைப்பீங்கல்ல?... என்ன?... மறுபடி சொல்லுங்க... ஃபாரம் செல்லாதுன்னா வீடியோவே செல்லாதா? கேஸுல காட்ட முடியாதா?... அப்போ கதவு?"

துணி பிடித்த கை கொஞ்சம் தாழ்ந்தது. உள்ளேயிருந்து முனகல் கேட்டதும் மறுபடி தூக்கிக்கொண்டாள்.

"...சரி தம்பி. சரி. என் மூஞ்சி கிடக்கட்டும். ஆடறவன் ஆடட்டும், மெத்தை விக்கிறவன் விக்கட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நடுவுல ஒன்பது செகண்ட் வருது பாருங்க, என் பொண்ணைப் பத்திப் பேசறது... ஆமா, அதான். அதை வெட்டிடுங்க."

அக்காவின் மகளும் இதே கம்பெனியில் ஐந்து மாதம் தைத்தவள். அறுத்த கதவுக்குள் போகக் கூசி, காலையிலிருந்து சாயங்காலம்வரை அடக்கி அடக்கி, சிறுநீரகத்தில் கிருமி வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது ஒரு மருந்துக் கடையில் வேலை. அவளுக்கு வந்த நோயை, பட்ட வலியை, டாக்டர் சொன்னதை எல்லாம் அம்மா ஒன்பது வினாடியில் உலகத்துக்குச் சொல்லியிருந்தாள். மகளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

"...கவுன்ட்டர்ல நிக்க முடியல தம்பி அவளால. மாத்திரை வாங்க வரவன் எல்லாம் 'உனக்கு அந்த இடத்துல வந்துச்சே, அதுக்கு எந்த மாத்திரை போட்ட'ன்னு கேக்கறானாம். வேணும்னே கேக்கறான்... முதலாளி அவளை உள்ள குடோன்ல உக்கார வச்சுட்டாரு... என்கூட பேசி ஒன்பது நாளாச்சு. நேத்து ஒரே ஒரு வார்த்தை கேட்டா. 'கதவு இல்லேன்னு அழுத நீ, என்னைக் கதவே இல்லாம நிக்க வச்சுட்டியேம்மா'ன்னு... நான் என்ன சொல்லட்டும்? நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க, நான் என்ன சொல்லட்டும்?"

எதிர்முனையில் அவன் நிறைய நேரம் பேசினான் போலிருக்கிறது. அவள் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தாள்.

"ம்... ம்... அது தெரியும். அதுதான் பலமான சாட்சின்னு தெரியும்... ம்... ஆஸ்பத்திரி சீட்டு அதோட சேர்ந்து இருக்கு... அது இல்லேன்னா 'பாதுகாப்புக்காகத்தான் கதவை அறுத்தோம்'னு அவங்க வக்கீல் சொல்லிட்டுப் போயிடுவாரு... புரியுது தம்பி. எனக்கு எல்லாம் புரியுது. புரிஞ்சுதான் கேக்கறேன்... என்ன, காலையிலயா? என்ன ஆர்டர் வந்துச்சு?... யாரு போட்ட மனு?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மேனேஜரா?... அவருக்கு என்ன அந்தரங்கம்?... அவர் மூஞ்சி, அவர் பேரு, அவர் குரல்... அனுமதி இல்லாம காட்டினதால மானம் போச்சா?... ம்... கேஸ் முடியறவரைக்கும் மறைக்கணுமா? மறைச்சுட்டீங்களா?... ஏற்கெனவே மறைச்சாச்சா!... கம்பெனி போர்டும்?... இப்பத்தான் தம்பி அந்த மூஞ்சிய இங்க பாத்தேன், ரெண்டடி தூரத்துல சிரிச்சுட்டுப் போச்சு. அதான் சிரிப்பா?... நான் கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க. அவர் கேட்டா மறைக்கறீங்க. நான் கேட்டா ஃபாரத்தைக் காட்டறீங்க... அவரு டிக் போடல, ஆமா. அவரை யாரு போடச் சொன்னா?... கோபப்படல. நான் எங்க கோபப்பட்டேன்?... சரி, கத்தறேன்தான்! கத்தாம? அப்போ அந்த வீடியோவுல இப்ப யாருதான்டா மிச்சம்? திரைக்குப் பின்னாடி புகை மாதிரி ஒண்ணு நிக்கும், அதைப் பாத்து நான் கும்பிட்டு அழுதுட்டிருப்பேன். பாக்கறவனுக்கு எப்படி இருக்கும்? பைத்தியம் பிடிச்சவ வெறும் சுவத்துகிட்ட கதவு கேக்கறான்னு தோணாது?"

ஒரு மூச்சு விட்டாள்.

"...மன்னிச்சுக்கோங்க தம்பி. 'டா' போட்டுட்டேன்... இல்ல, இல்ல, உங்க மேல இல்ல. உங்களுக்கும் தலைக்கு மேல கத்தி, தெரியுது... நானும் மனு போடலாமா? எத்தனை மாசம் ஆகும்?... ம்... ரெண்டு வருஷம்கூட ஆகும்... ம்..."

கழிப்பறைக்குள் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றிருந்தது. அக்கா அதைக் கவனிக்கவில்லை.

"வெட்டிடுங்க தம்பி. அந்த ஒன்பது செகண்டை... ஆமா, யோசிச்சுத்தான் சொல்றேன்... கேஸ் நிக்காது. தெரியும்... கதவு வராது. தெரியும் தம்பி. இங்க நாப்பது பேரு இருக்கோம், எனக்கா தெரியாது? ஆனா எனக்குப் பொண்ணு ஒண்ணுதான்... வெட்டிடுங்க... என்ன?... ஏன் பேச மாட்டேங்கறீங்க?... எதுல இருக்கு?... ஆர்டர்லயேவா? அவர் வக்கீல் எடுத்துச் சொல்லி, அதை அப்படியே அதுல அச்சடிச்சிருக்காங்களா? என் பொண்ணு பேரு, வியாதி, எல்லாம்?... மேனேஜர் பேருக்கு என்ன போட்டிருக்கு?... 'மனுதாரர்'... அவ்வளவுதானா. என் பொண்ணுக்கு மட்டும் முழுப் பேரா... கோர்ட் காகிதத்தை யாரு வேணா எடுத்துப் போடலாமா... அதை நீங்களும் வெட்ட முடியாது, நானும் வெட்ட முடியாது... ம்... ம்... தம்பி, அவகிட்ட இதை நான் எப்படி... ஹலோ?... தம்பி, ஒரு நிமிஷம் வைக்காதீங்க... ஹலோ... ஹலோ..."

கட்டாகிவிட்டது. அவள் இன்னும் இரண்டு தடவை 'ஹலோ' என்றாள், வெறும் ஃபோனிடம்.

திரும்பிப் பார்த்தால், அறுத்த கதவுக்கு மேலே பட்டன் பொண்ணின் தலை தெரிந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தாளோ. 'கதவு வராது, தெரியும்' என்றதை அவள் கேட்டிருக்கிறாள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்தாள். அக்காவின் கையிலிருந்து துணியின் முனையை வாங்கித் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'நீங்க போங்க' என்பது போல உள்ளே பார்த்துத் தலையசைத்தாள்.

காலையிலிருந்து தான் உள்ளே போகவே இல்லை என்பது அப்போதுதான் அக்காவுக்கு நினைவு வந்தது. ஒரு அடி எடுத்து வைத்தாள்.

வேலை மணி அடித்துவிட்டது.

என் கண்ணுகளே, நீங்கள் நல்லா இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது அழ நேர்ந்தால், யாரும் பார்க்காமல் அழுது முடிக்க ஓர் இடமும், கண்ணைத் துடைத்துவிட ஒரு கையும் உங்களுக்குக் குறையாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் பெயர் அவர்களுக்குப் பிடித்தவர்கள் வாயில் மட்டும் புழங்கட்டும்.