ஆறு செடி, ஏழு நட்டு

தக்காளிச் செடிக்கு முதுகெலும்பு கிடையாது. மிளகாய் தானாக நிற்கும், கத்தரி தானாக நிற்கும். தக்காளியை விட்டால் படுத்துவிடும். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அதனால் கஷ்டமில்லை. அது பாட்டுக்குப் படுத்துக்கொண்டே காய்க்கும். மூன்றாம் மாடியில், இரண்டு முழ அகலப் பால்கனியில், நெய் டின்னில் வளர்ப்பவனுக்குப் படுக்க இடம் ஏது? செடியானாலும் ஆளானாலும் அங்கே நின்றுதான் ஆகவேண்டும்.

நீங்கள் கேட்டது மேல் மாடிப் பால்கனிக் கைப்பிடியைப் பற்றி. அங்கேதான் வந்துகொண்டிருக்கிறேன். செடியைச் சொல்லாமல் கைப்பிடியைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

என் பெயர் ஷஹாத்தா. அலெக்சாந்திரியாவில், அன்ஃபூஷிப் படகுத்துறையில் நாற்பத்தோரு வருஷம் பாய்மரங்களுக்குக் கயிறு கட்டியவன். எங்கள் தெருவில் என் பேச்சை நம்புகிறவர்கள் குறைவு. ஒருமுறை தூண்டில் வீசி டிராம் வண்டியை நிறுத்தினேன் என்று காப்பிக் கடையில் சொன்னேன்; அன்றிலிருந்து மணி என்ன என்றுகூட என்னிடம் யாரும் கேட்பதில்லை. அதனால்தான் எழுதிக்கொள்ளுங்கள் என்கிறேன். டிராம் நின்றது உண்மை. அதை வேறொரு நாள் பேசலாம்.

மாசி முடிவதற்குள் ஆறு டின்னில் ஆறு செடி வைத்தேன். டின் ஒன்றுக்கு இருபது கிலோ மண். குச்சி நட்டுப் பார்த்தேன். டின்னுக்குள் குச்சிக்குப் பிடிமானமில்லை, காற்றடித்தால் குச்சியும் செடியும் கைகோத்துக்கொண்டு சாய்ந்தன. மேலிருந்து கயிறு விடுவதுதான் வழி. டின் காதில் ஒரு முனை, மேலே ஒரு முனை, நடுவில் சணல் கயிறு விறைப்பாக நிற்கவேண்டும். செடி வளர வளரத் தண்டை அதில் சுற்றிவிட வேண்டும். இலைக் கக்கத்தில் வரும் துளிரைக் கிள்ளிவிட்டால் ஒற்றைத் தண்டாக நேரே ஏறும். ஆறடி ஏறினாலும் ஒரு சாண் இடம்தான் பிடிக்கும்.

மேலே எதில் கட்டுவது? என் தலைக்கு மேலே நபவிய்யாவின் பால்கனித் தளம். அவள் கைப்பிடியின் கம்பிக் கால்கள் ஏழும் அந்தத் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே வந்து, என் பக்கம் நட்டு போட்டு முறுக்கியிருந்தன. பழைய வீடுகளில் அப்படித்தான். நட்டுக்குக் கீழே கம்பி அரை விரல்கூட இல்லை, கயிறு வழுக்கியது. நட்டைக் கழற்றினால் இரண்டு விரல் திருகுமரை கிடைத்தது. அந்த மரையில் சணல் உட்கார்ந்த விதத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் மெச்சியிருப்பீர்கள்.

ஆகவே ஒரு செடிக்கு ஒரு நட்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றவில்லை. எந்தச் செடி முழங்கால் உயரம் வந்ததோ அதற்குரியதை மட்டும்.

நபவிய்யா நல்ல பெண். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம். செடி கட்ட மெத்தென்ற துணி வேண்டும் என்றதும் பழைய விரிப்பைக் கிழித்துக் கூடையில் வைத்து இறக்கியவள் அவள்தான். மேலிருந்தே பேசுவாள்.

"ஏண்ணே, கீழ காடு வளக்கிறியா? நாளைக்குப் புலி கிலி வந்தா யாரு பதில் சொல்றது?"

"புலி வந்தா மொதல்ல மேல்மாடிக்குத்தான் வரும் தங்கச்சி. அங்கதான சதை இருக்கு."

"போண்ணே, வயசான காலத்துல வாயப் பாரு. அந்த டிராம் ஒன்னையச் சும்மா விட்டது தப்பு."

இப்படித்தான் இருந்தோம். சித்திரை பிறந்ததும் டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு விடுதி, படுக்கை விரிப்புகளைத் துவைக்க அவளிடம் கொடுக்க ஆரம்பித்தது. வெள்ளி தவிரத் தினமும் பதினான்கு விரிப்பு. கைப்பிடிக்கு வெளியே கொடி கட்டிக் காயப்போட்டாள். காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை என் பால்கனிக்கு முன்னால் பதினான்கு விரிப்பும் பாய்போலத் தொங்கின. தக்காளிக்கு வேண்டியது அந்த ஆறு மணி நேரம்தான். ஒரு வாரத்தில் பூ உதிர்ந்தது. ஒரு செடி வெளிச்சம் தேடித் தேடி, நான் மதியம் கண்ணயர்ந்திருந்தபோது என் மூக்குக்கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. கண்ணாடியில் பட்ட வெயில் அதற்குப் போதவில்லை.

மொட்டை மாடியில் காயப்போடேன் என்று கேட்டேன்.

"அங்க வீட்டுக்காரன் புறா வளக்கிறான்ல. வெள்ளை விரிப்புல அது பூப்போட்டுக் குடுத்தா விடுதிக்காரன் வாங்குவானா? இதுலதான்ணே அடுப்பு எரியுது. தக்காளி பஸ்யூனியோட காய்கறி வண்டியில கெடைக்கும். வெயிலுக்கு நீ மட்டும் பட்டா வாங்கி வெச்சிருக்கியா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. நான் அப்போதும் அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான். அவளுக்கும் அந்த வெயில் வேண்டும், எனக்கும் வேண்டும். இருந்ததோ ஒன்று.

வைகாசியில் ஒரு நாள் அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அண்ணே, கீழருந்து காய்கறிக் கூடைய இழுக்கிறப்ப கம்பி லேசா ஆடுது. ஒரு ஆளக் கூட்டியாந்து பாக்கச் சொல்லட்டா?"

"கடல் தின்னுது தங்கச்சி. என் கதவுக் கீலப் பாத்தியா?"

"ஆமா, இந்தக் கடலுக்கு எத்தன தின்னாலும் பசி அடங்காது."

எங்கள் ஊரில் எது ஆடினாலும், எது துருப்பிடித்தாலும், எது இற்று விழுந்தாலும் கடல்தான் தின்றது. கல்யாணம் முறிந்தால்கூடக் கடற்காற்று என்பார்கள். அதற்கு மேல் யாரும் துருவமாட்டார்கள். ஆனாலும் நான் சும்மா விடவில்லை. அடிப்பக்கம் என் பால்கனிக்கு மேலேதானே இருக்கிறது, நானே பார்க்கிறேன் என்று முக்காலி போட்டு ஏறினேன். ஆறு காலில் நட்டு இல்லை. ஆனால் ஆறு கயிறும் விறைப்பாக நின்றன. கயிறு ஒன்றுக்கு இருபது கிலோ மண். நனைந்த விரிப்புகளின் கனத்தையும் அவள் கனத்தையும் ஒரு மாசமாகத் தாங்கிக்கொண்டிருந்தவை என் தக்காளி டின்கள். உலகத்தில் வேறெங்கும் தக்காளி ஒரு பெண்ணைத் தாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"கெட்டியா இருக்கு தங்கச்சி. ஆளெல்லாம் வேண்டாம்," என்றேன். அன்றைக்கு அது உண்மை.

"நீ ஒருத்தன் கீழ இருக்கிறதே எனக்குத் தெம்புண்ணே," என்றாள்.

நீங்கள் கேட்பீர்கள், எல்லாரும் கடல் என்று எழுதி மூடிவிட்ட விஷயத்துக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானாக ஏன் வந்தேன் என்று. காரணம் இருக்கிறது. அவள் விழுந்த மறுவாரம் ஒரு பொறியாளர் வந்தார். தளம் முழுக்க அரித்துவிட்டது என்று சொல்லி, என் பால்கனியில் நான்கு மரத் தூண்களை முட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். டின் வைக்க இடமில்லை. ஆவணி பாதி போய்விட்டது. இலையுதிர்காலத் தக்காளிக்கு நாற்று தயாராக நிற்கிறது. தளத்தில் ஒரு குறையுமில்லை ஐயா. கடல் அதைத் தொடவே இல்லை. இந்தாருங்கள், ஏழு நட்டு. மரை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள், துரு உண்டா? தூண்களை எடுக்கச் சொல்லிவிட்டால் போதும்.

ஏழு என்றேன். நீங்கள் எண்ணிப் பார்த்ததும் சரி.

அவள் விழுந்த அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வெள்ளியன்று விடுதியிலிருந்து விரிப்பு வராது, தெருவும் ஒழிந்திருக்கும். காய்ப்பு ஓய்ந்திருந்தது. அடுத்த நாற்றுக்கு மண்ணைக் காயவைக்க வேண்டும், அதனால் பழுத்தது பழுக்காதது எல்லாவற்றையும் பறித்தேன். பறித்த பிறகு கயிற்றுக்கு வேலை என்ன? ஆறையும் அறுத்தேன். எந்தத் தோட்டக்காரனும் இதைத்தான் செய்வான்.

ஏழாவது கால் ஓரத்தில் இருந்தது. அதற்குச் செடி கிடையாது. மேலே பார்த்தபோது அது ஒன்றில் மட்டும் நட்டு இருப்பது ஒழுங்கில்லாமல் தெரிந்தது. முக்காலியில் நின்றிருந்தேன், கையில் ஸ்பானரும் இருந்தது.

பத்து மணிக்குப் பஸ்யூனியின் காய்கறி வண்டி வந்தது. நபவிய்யா கயிற்றில் கூடையை இறக்கினாள். நான் அஜாக்கிரதையான மனிதன் இல்லை. நடைபாதையில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டேன். "பஸ்யூனி, வெயில் ஏறுது, கழுதையோட எதிர்ப்பக்கம் நெழல்ல போய் நில்லுய்யா," என்றேன். அவன் வெண்டைக்காயையும் இரண்டு வெங்காயத்தையும் போட்டுவிட்டு நகர்ந்தான். கூடை மேலே போகும் வழியில் என் பால்கனிக்கு நேராக வந்தது. பிடித்து நிறுத்தினேன்.

"ஒரு நிமிஷம் இரு தங்கச்சி. கடைசிப் பறிப்பு, ஒனக்குத்தான்."

ஒன்பது கிலோ இருந்தது. ஒன்றுகூட எனக்கென்று எடுத்து வைக்கவில்லை. அத்தனையையும் கூடையில் நிரப்பிப் பிடியை விட்டேன்.

"அம்மாடி, கனக்குதேண்ணே. அத்தனையுமா குடுத்திட்ட? எதுக்குண்ணே இவ்வளவு?"

"வயித்தக் கம்பியில குடுத்து நல்லா சாஞ்சு இழு. வந்துரும்."

"ஒன் கைக்கு ஒரு கொறையும் வராதுண்ணே," என்று சொல்லிக்கொண்டே சாய்ந்தாள்.

அவளும் கைப்பிடியும் என் பால்கனியைத் தாண்டிக் கீழே போனபோது நான் உள்ளே வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். நான் அவளைத் தொடவில்லை. ஒரு பருவத்துப் பாடு முழுவதையும் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்தவன்மேல் என்ன குற்றம் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எதை எழுதினாலும், கொடுத்ததில் ஒரு பழம்கூடச் சொத்தையில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.