சமையல்கட்டுல எதுக்குக் கட்டில்?

சத்தியம் தம்பி! நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும் இந்தக் கூரை இப்பவே என் தலையில விழட்டும்... நீங்க நகராதீங்க, என் தலையிலதான்! இந்தக் கட்டில்லயே உக்காருங்க. சமையல்கட்டுல கட்டிலான்னுதானே முழிக்கிறீங்க? வீடு பாக்க வர்ற அத்தன பேரும் முழிக்கிறாங்க. உடனே இன்ஜினியர் நெஞ்ச நிமித்திக்கிட்டு 'என் யோசனை'ங்கிறார். யோசனையாம்! வயிறு எரியுது எனக்கு.

என் கடைக்குட்டிக்கு மூட்டு நோவு. சின்ன வயசுதான். ஒரு நாள் நடப்பா, மறுநாள் சக்கர நாற்காலி, அதுக்கு மறுநாள் படுக்கை. அவள மாதிரியே தீராத வியாதியோட நாலஞ்சு இளசுங்க, ஒரே வீட்ல சேந்து இருக்கலாம்னு இந்தப் பழைய வீட்டப் புடிச்சுதுங்க. இந்த இன்ஜினியர் என்ன வரைஞ்சார்ங்கிறீங்க? சமையல்கட்டக் குறுக்கிச் சுவர் எழுப்பி, ஆளுக்கொரு ரூம். தண்ணி, வெளக்கு, கூப்பிட மணி... எல்லாம் படுத்த எடத்துலயே! 'நீங்க வெளியவே வர வேணாம்மா'ன்னார், பெருமையா.

அவ சொன்னா: "சார், எந்திரிக்க முடியாத அன்னிக்கும் எனக்கு வம்பு கேக்கணும். வெங்காயம் நறுக்குற எடத்துல படுக்கணும். ரூமுக்குள்ளயே கெடக்க எங்கப்பா வீடே போதுமே."

போதுமாம்! நான் பக்கத்துலதான் நிக்கிறேன்!

மனுஷன் மசியல. அவளும் பொட்டியக் கட்டி, "வீட்டுக்கே வந்துடுறேம்பா"ன்னுட்டா. மூஞ்சியப் பாக்க முடியல தம்பி.

மாதிரிக்குன்னு ஒரு ரூம் முடிச்சு வெச்சிருந்தார். அதுல ஒரு பீரோ. "உங்களால நகத்த முடியாது சார், ஆள் கூப்பிடலாம்"னேன். அவ்வளவுதான்! காலி பீரோதானேன்னு கட்டிப்புடிச்சுத் தூக்கினார் பாருங்க... உள்ள செங்கல் இருக்குன்னு யாரும் சொல்லல. நானும் சொல்லல. அடுக்கினவனே சொல்லுவானா?

இடுப்பு புடிச்சுக்கிச்சு. அந்த ரூம்லயே சாச்சோம். அசையக் கூடாதுன்னுட்டார் டாக்டர்.

நாங்கெல்லாம் இங்க, சமையல்கட்டுல. புள்ளைங்க சிரிச்ச சிரிப்புல பாத்திரம் தானா கழுவிக்கிச்சு, சத்தியமா! மணி அடிச்சுது. ஓடினேன். "தண்ணியா சார்?" இல்ல. திரும்ப மணி. "மாத்திரையா?" இல்ல. மறுபடியும் மணி. "எதுக்குய்யா சிரிக்கிறாங்க?"ன்னார், அழாத குறையா. "எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கே சார்"னேன். "கட்டிலோட தூக்கிட்டுப் போங்கய்யா!"

தூக்கிட்டு வந்து போட்ட கட்டில்தான் இது. சமையல்கட்டுல சுவர் எழும்பவே இல்ல.

அதுல என் பொண்ணு கண்ணெல்லாம் கலங்கி அவர்கிட்ட என்ன சொல்றா தெரியுமா? "எங்கப்பாவுக்குக்கூடப் புரியல சார், உங்களுக்குப் புரிஞ்சுதே!"

என்னால வாயத் தொறக்க முடியுதா? தொறந்தா செங்கலும் வெளிய வருமே... எங்க கெளம்பிட்டீங்க? அவள்ட்டயா? தம்பி, தம்பி... யார் சொன்னான்னு கேட்டா, என்னைத் தெரியவே தெரியாதுன்னுடுங்க!