டாக்டர் தோத்தாத்ரி ஒப்புக்கொண்ட பிழை

மேடையில் வீற்றிருக்கும் ஊரப்பாக்கம் குதிரைக் கழகத்தின் தலைவர் பெரியவர் ராஜகோபால் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரின் துணைவியார் பட்டு அம்மையார் அவர்களே! அவர்களுடைய அருமை மகள் விஷ்ணுப்ரியா அவர்களே! எங்கள் லாயத்தைச் சுற்றிலும் மாடி மேல் மாடி கட்டிக் குடியேறி, எங்களையும் பொறுத்துக்கொண்டிருக்கும் குடியிருப்போர் சங்கத்து நண்பர்களே! காலையில் குதிரை லத்தி அள்ளிவிட்டு, அவசர அவசரமாகக் குளித்துவிட்டு இந்த மேற்குத் தாம்பரம் மண்டபத்துக்கு ஓடி வந்திருக்கும் என் லாயத்துத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் கழகத்தின் செயலாளர் தினகரனின் வணக்கம்.

மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறார் தலைவர். முடியாது ஐயா, மன்னிக்க வேண்டும்.

இரங்கல் கூட்டத்தில் சொல்லக்கூடாத ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால்நடை மருத்துவர் தோத்தாத்ரி என்னும் மாமனிதரை இழந்து நிற்கிறோம். ஆனால் என் நெஞ்சில் துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருக்கிறது. ஏன் தெரியுமா? மூன்று மாதத்துக்கு முன்னால், இதே போன்ற ஒரு கூட்டத்தை எங்கள் கழகத்துக்கே நடத்த வேண்டியிருக்கும் என்று நான் நினைத்தேன். கழகம் பிழைத்துவிட்டது. பிழைத்ததை டாக்டர் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். அதனால்தான் இந்த நிம்மதி!

எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியும். நகரத்துப் பந்தய மைதானத்தின் கதவு மூடியது. பெரிய பெரிய லாயக்காரர்கள் வெளியூருக்குக் குதிரைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சின்னக் கழகம் எங்கே போகும்? பதினொரு குதிரைகள். தினமும் தின்றாக வேண்டும், தினமும் ஓடியாக வேண்டும். பந்தயம் இல்லை என்று குதிரையிடம் யார் சொல்வது? உரிமையாளர்கள் முதலில் வருவதை நிறுத்தினார்கள், அப்புறம் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். லாடம் அடிப்பவர் ஊரைவிட்டே போனார். போதாக்குறைக்கு, ஈ மொய்க்கிறது என்று பக்கத்துக் குடியிருப்பிலிருந்து புகார். புகாரோடு வந்தவர் அனந்தகிருஷ்ணன் சார். அதோ, மூன்றாவது வரிசையில் சிரிக்கிறார். டாக்டர் அவருக்கு ஒரு மூட்டை லத்தியைக் கொடுத்தனுப்பினார். இன்று அவர் வீட்டு மொட்டைமாடியில் கத்தரிக்காய் காய்க்கிறது. புகார் மட்டும் வருவதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் அவர்! முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் கழகத்துக்கு மருத்துவம் பார்த்தார். மருத்துவம் மட்டுமா? பந்தயக் குதிரை ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளப் புத்தகம் உண்டு. நமக்குக் கைரேகை எப்படியோ, குதிரைக்குச் சுழி அப்படி. நெற்றியில், கழுத்தில், மார்பில், ரோமம் எங்கே சுழிகிறதோ அந்த இடத்தை மருத்துவர் படத்தில் குறித்துக் கையெழுத்திட வேண்டும். அதுதான் அந்தக் குதிரையின் பெயர், ஊர், முகவரி எல்லாம். ஒருமுறை கீழ்க்கட்டளையிலிருந்து ஒருவர் குதிரை வாங்க ஜோசியரோடு வந்தார். ஜோசியர் சுழிகளை எண்ணி, ராஜயோகம் என்றார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சுழியில யோகமும் இல்ல, தோஷமும் இல்ல சார். இது யாருன்னு மட்டுந்தான் இருக்கு."

டாக்டர் எழுதினால் எழுதியதுதான். கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவியே எந்தக் குதிரை என்று சொல்லிவிடுவார். அவர் எழுதிய தாளை நாங்கள் யாரும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், எங்கள் டாக்டருக்குத் தப்பே வராது என்று. எவ்வளவு பெரிய மடத்தனம் அது!

வெளிமாநிலப் பந்தயக் கழகம் ஒன்று, உங்கள் குதிரைகளுக்கு இடம் தருகிறோம், ஆனால் எங்கள் அதிகாரி வந்து ஒவ்வொன்றின் அடையாளத்தையும் சரிபார்ப்பார் என்றது. எங்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான். அதிகாரி வந்தார். பத்துக் குதிரைகள் தேறின. பதினோராவதாக வந்தாள் லேடி ஊரப்பாக்கம். நம் லாயத்திலேயே பிறந்த செந்நிறக் குட்டி. உடம்பில் ஒரு வெள்ளைப் பொட்டுகூடக் கிடையாது, சுழியை வைத்துத்தான் அடையாளம். கழுத்துத் தோலுக்கடியில் வைத்த அடையாளச் சிப்பும் அன்று பார்த்து மௌன விரதம் இருந்தது. புத்தகத்தில், இடக்கண்ணுக்கு மேலே சுழி என்று இருந்தது. குதிரைக்கோ வலக்கண்ணுக்கு மேலே இருந்தது!

அதிகாரி பேனாவை மூடினார். பந்தய உலகில் இதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: குதிரையை மாற்றிவிட்டார்கள். ஒரு குதிரை மாறியது என்றால் மற்ற பத்தும் அவுட், கழகமும் அவுட். பந்தயத்தில் மன்னிக்கவே முடியாத குற்றம் அது.

டாக்டர் தப்பு செய்யமாட்டார். அப்படியென்றால் குதிரை மாறியிருக்க வேண்டும். யார் மாற்றியிருப்பார்? லாயத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? நான் திரும்பினேன். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி விடியுமுன் வந்து நிற்கும் எங்கள் தலைமைக் குதிரைக்காரர் சிட்டிபாபுவைப் பார்த்து, அத்தனை பேர் எதிரில் கேட்டேன்: "யார்கிட்டய்யா வித்தே?"

சிட்டிபாபுவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. "இன்னா சார் கேக்கற? அது பொறந்தப்போ என் மடியிலதான் வுழுந்துச்சு. நான் பாத்துகினு கீறேன், வேற யாரு மாத்துவா?" என்றார். நான் நம்பவில்லை. அவருடைய வார்த்தையைவிட ஒரு தாளை அதிகம் நம்பினேன்.

டாக்டர் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கினார். குதிரைக்கு நேர் எதிரே போய் நின்றார். புத்தகத்தைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். எதிரே நிற்கிறவனின் இடப்பக்கம் குதிரைக்கு வலப்பக்கம் அல்லவா? முதல் வருட மாணவன் செய்கிற பிழை அது! கல்லூரியில் முதல் வகுப்பிலேயே அடித்துச் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் பேரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவர் காதில் கிசுகிசுத்தேன்: "சார், நகல் எடுத்த பையன் மாத்தி எழுதிட்டான்னு சொல்லிடுங்க." அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதி வைக்க எனக்குத் தமிழ் போதாது. அதிகாரியிடம் திரும்பிச் சொன்னார்: "தப்பு என்னுது. நான் நின்ன பக்கத்துலேர்ந்து எழுதிட்டேன். குதிரையோட பக்கத்துலேர்ந்து எழுதியிருக்கணும். இந்தக் குதிரையை யாரும் மாத்தல. இவா மேல சந்தேகம் வேண்டாம். நான் எழுதின எல்லாத் தாளையும் திரும்பப் பாருங்கோ."

முப்பத்தொரு ஆண்டுப் பெயரை இப்படி ஒரு நிமிடத்தில் எடுத்துக் கீழே வைக்க யாரால் முடியும்? சொல்லுங்கள்! நம்மில் யாரால் முடியும்?

அதிகாரியும் நல்லவர். லேடி ஊரப்பாக்கத்தின் பிடரி மயிரை வேரோடு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். தாய்க் குதிரையோடு மரபணு பொருந்தினால் இடம் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஐந்து வாரங்கள் காத்திருந்தோம். அந்த ஐந்து வாரத்தில்தான் டாக்டர் படுக்கையில் விழுந்தார்.

சென்ற செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. பொருந்தியது! பதினொரு குதிரைகளுக்கும் இடம்! நான் ஓடினேன். ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் ஸ்கூட்டரை எங்கே விட்டேன் என்றே எனக்கு ஞாபகமில்லை. பட்டு அம்மையார் கதவைத் திறந்தார். கட்டிலருகே உட்கார்ந்து கடிதத்தைப் படித்தேன். டாக்டர் "அப்பாடா" என்றார். அப்புறம் சிரித்தார்.

"தினகரா, உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? அந்தத் தப்பு வெளியில வந்தப்போ நேக்கு நிம்மதியாத்தான் இருந்தது. முப்பத்தொரு வருஷமா டாக்டருக்குத் தப்பே வராது, தப்பே வராதுன்னு சொல்லிண்டே இருந்தேள். ஒருத்தராவது நான் எழுதினதைத் திருப்பிப் பார்த்தேளா? ராத்தூக்கம் போயிடும்டா. ஒத்தை ஆளை நம்பி நடக்கிற கிளப் ஒரு கிளப்பா?"

சின்னக் கழகங்களின் நோய் இதுதான், நண்பர்களே! மைதானம் மூடியது ஒரு பங்குதான். ஒரு டாக்டர், ஒரு சாவி, ஒரு செயலாளர் என்று எல்லாவற்றையும் ஒற்றைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, அந்தத் தலை சாய்ந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம்.

எழுந்து புறப்பட்டேன். டாக்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "சிட்டிபாபுகிட்டப் பேசினியா?" என்று கேட்டார்.

"வேலை ஜாஸ்தி சார். பேசணும்" என்றேன்.

"குதிரைக்கெல்லாம் பேர் திரும்பக் கெடைச்சாச்சு. அவனுக்கு?" என்றார். "நாலு பேர் எதிர்ல எடுத்துண்டே. நாலு பேர் எதிர்லயே திருப்பிக் குடு."

வெள்ளிக்கிழமை டாக்டர் போய்விட்டார். அந்தக் கேள்வியை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நம் குதிரைகள் புறப்படுகின்றன. டாக்டரின் பணியை எடுத்துச் செல்வோம் என்று சும்மா சொல்லிவிட்டுப் போக மாட்டேன். இன்று இந்த மேடையில் கழகத்தின் சார்பில் உறுதி கூறுகிறேன்: இனி எங்கள் லாயத்தில் ஒருவர் எழுதிய அடையாளத்தை இன்னொருவர் பார்க்காமல் ஒரு தாளும் வெளியே போகாது. மருத்துவர் எதிரே நின்று எழுதட்டும். குதிரையின் பக்கத்தில் நின்று அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறவர், அந்தக் குதிரையைப் பார்த்துக்கொள்பவர்தான்.

இதோ, லேடி ஊரப்பாக்கத்தின் புதிய அடையாளத் தாள். டாக்டர் புதன்கிழமை படுக்கையில் சாய்ந்தபடியே எழுதிக் கையெழுத்திட்டது. அதன் கீழே இரண்டாவது கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்.

சிட்டிபாபு அண்ணே! கதவோரம் நிற்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. நான் உங்களைக் குதிரைத் திருடன் என்றேன். நீங்கள் திருடன் இல்லை. அன்று உண்மை பேசிய முதல் ஆள் நீங்கள்தான். தப்பு என்னுடையது. இத்தனை பேர் எதிரில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

"வுடு சார், இங்க போய் இன்னாத்துக்கு" என்று கையை ஆட்டுகிறார். விட மாட்டேன் அண்ணே! எல்லோரும் தயவுசெய்து எழுந்து, அவருக்கு வழி விடுங்கள். மேடைக்கு வாருங்கள், இந்தத் தாளைப் பாருங்கள், சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். டாக்டர் தோத்தாத்ரிக்கு நாம் செலுத்தும் மௌன அஞ்சலி, நீங்கள் வந்து என் பக்கத்தில் நின்ற பிறகுதான் தொடங்கும்.