அப்பா பேரைச் சொல்லு

– …குரல் கேக்குதா? வந்தனா, கேக்குதா கண்ணு?

– கேக்குதும்மா. இது யார் நம்பர்?

– என் போன் உடைஞ்சு போச்சு. கிங்ஸ் சர்க்கிள்ல ரோடு தாண்டும்போது பைக்குக்காரன் இடிச்சுட்டான். ஆஸ்பத்திரில ஒரு அக்கா போனை வாங்கிப் பேசுறேன்.

– ஐயோ! ரத்தம் வருதாம்மா?

– கால்ல அடி. நீ பயப்படாத. ஹரி எங்க?

– இங்கதான், கார்ட்டூன் பாக்குறான். டேய், சவுண்டைக் கம்மி பண்ணுடா, அம்மா பேசுது… ஆனா இந்நேரம் நீ ஐரோலி கேன்டீன்ல வேலைலதான இருப்ப?

– இன்னைக்கு சீக்கிரம் விட்டுட்டாங்க. இப்ப கேளு. பத்ரின்னு ஒருத்தர் வர்றாரு. நீயும் ஹரியும் அவர்கூட கிளம்பி வந்துருங்க.

– பத்ரியா? யாரும்மா அது?

– என்கூட வேலை பாக்குறவரு. நீலக் கதவுன்னு அடையாளம் சொல்லி அனுப்பிருக்கேன்.

– பக்கத்து வீட்டு நஸீரா அக்காவையும் கூட்டிட்டு வரவா?

– வேணாம்! யார்கிட்டயும் சொல்லாத. கூட்டம் கூடிரும்.

– அப்பாவுக்குப் போன் பண்ணவா?

– அவரும் பதறுவாரு. நீங்க ரெண்டு பேரும் வந்தா போதும், கண்ணு.

– நீ எதுக்கும்மா என்னைக் கண்ணு கண்ணுங்குற? எப்பவும் திட்டிட்டுதான கூப்பிடுவ…

– வலில வருது. இப்பப் போயி கேள்வி கேக்காத.

– அம்மா… யாரோ கதவு தட்டுறாங்க.

– அவர்தான். திற.

– ஸ்கூல்ல டீச்சர் சொன்னாங்கம்மா. அம்மா குரலே போன்ல வந்தாலும் நம்பிராதீங்கன்னு. ஏஐ வச்சு குரலைக் காப்பி அடிப்பாங்களாம். வீட்டுக்குன்னு ஒரு ரகசிய வார்த்தை வச்சுக்கணும்னாங்க. அன்னைக்கு உன்கிட்ட சொன்னேன், நீ சிரிச்ச. ஞாபகம் இருக்கா?

– இருக்கு, இருக்கு. முதல்ல கதவைத் திற. வலி தாங்க முடியல…

– அழாதம்மா…

– அழாம? பெத்த புள்ளையே என்னை நம்பமாட்டேங்குதே!

– நம்புறேன்மா. ஒண்ணே ஒண்ணு. அப்பா பேரைச் சொல்லு.

– என்னது?

– சொன்னா திறக்குறேன். பக்கா.

– பேச்சிராஜா! பேச்சிராஜா! போதுமா?

– போதும்மா.

– திறந்தியா?

– தாழ்ப்பா எட்டல. ஸ்டூல் எடுத்துட்டு வர்றேன்… போனை வச்சுடுறேன்மா.

– அக்கா… போன்ல அம்மாவா?

– இல்லடா. ஹரி, சத்தம் போடாத. இங்க வா, என் மடில உக்காரு. அம்மா நம்பருக்குப் போடுறேன்… எடும்மா… எடு… எடு…

– என்னட்டி? டீ நேரம், இங்க நூறு கிளாஸ் கழுவக் கிடக்கு. அரிசி ஊறப் போட்டியா?

– அம்மா… அப்பா பேரைச் சொல்லு.

– என்னது?

– அப்பா பேரைச் சொல்லும்மா!

– கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? கட்டிக்கிட்டு வந்து பதினாலு வருசமாச்சு, ஒருநாள் அவுக பேரைச் சொல்லியிருக்கேனா? ரேசன் ஆபீசுல கேட்டப்பகூட நீதான சொன்ன… ஏட்டி, எதுக்கு அழுகை?

– நீதாம்மா… நீதான் எங்கம்மா…

– பின்ன யாரு? ஏளா, என்ன விசயம்?

– வெளிய ஒருத்தன் நிக்குறான். எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரச் சொன்னேன்னு போன்ல நீயே சொன்ன. உன் குரலேதாம்மா… கால்ல அடின்னு அழுதுச்சு. அப்பா பேரைக் கேட்டேன். டக்குன்னு சொல்லிருச்சு.

– கதவு?

– பூட்டித்தான் இருக்கு. இன்னும் தட்டுறான்.

– தொறக்காத! தாயே… தொறக்காதட்டி! நஸீரா அக்கா வீட்டுச் செவுத்துல தட்டு. சப்பாத்திக் கட்டைய எடுத்து ஓங்கித் தட்டு!

– தட்டுறேன்… நஸீரா அக்கா! அக்கா!… வந்துட்டாங்கம்மா. ‘கோன் ஹை தூ’, யாருடா நீன்னு கத்துறாங்க, கேக்குதா? சந்து ஆளுங்கல்லாம் வர்றாங்க… ஓடுறான்மா… பைக் சத்தம் கேக்குது.

– போயிட்டானா?

– போயிட்டான்.

– ஹரி?

– என் மடிலதான் இருக்கான். என் சட்டைய விடமாட்டேங்குறான்.

– அன்னைக்கு வார்த்தை வைப்போம்னு நீ சொன்னப்ப, பெத்தவ குரலு தெரியாமலா போயிரும்னு சிரிச்சேனே… பாவி. கூட்டிட்டுப் போயிருந்தான்னா இந்தப் பம்பாய்ல நான் எங்கன்னு போயித் தேடுவேன்?

– எனக்குத் தெரியலம்மா. நிஜமா உன் குரல்னுதான் நினைச்சேன். அப்பா பேரைக் கேக்குறதுக்கு முன்னாடியே ஸ்டூலைக் கையில எடுத்துட்டேன்…

– சரி, அழாத. கிளம்பிட்டேன், வந்துருதேன். அதுவரைக்கும் நஸீரா அக்கா வீட்டுல இருங்க… ஆனா ஒண்ணு வெளங்கலட்டி. நான் என்ன டிவில பேசுதவளா? கிளாஸ் கழுவுதவ குரலு அவனுக்கு எங்க கிடைச்சுது? நம்ம நீலக் கதவு? தம்பி பேரு? உங்கப்பா பேரு?

– தீபாவளிக்கு நீ முறுக்கு சுத்தும்போது வீடியோ எடுத்தேன்ல…

– ஆமா. ஊர்ல சித்திக்கு அனுப்பணும்னு எடுத்த. அதுக்குப் பொறவும் எடுத்துக்கிட்டேதான இருக்க.

– சித்திக்கு ஒண்ணுகூட அனுப்பலம்மா. நாப்பது வீடியோவையும் யாரு வேணா பாக்குற மாதிரி நெட்டுல போட்டு வச்சிருக்கேன். நீ பேசுறது, நம்ம கதவு, ஹரி, என் பேரு, என் நம்பரு, எல்லாம் அதுல இருக்கு… நீ வாயால சொல்லாத பேரை, மேல பெரிய எழுத்துல நான்தாம்மா எழுதினேன். ‘பேச்சிராஜா சம்சாரம் கை முறுக்கு’ன்னு.