வலப்பக்கப் பின்கதவுக் கண்ணாடி

ஒரு வண்டிக் கண்ணாடியை மாற்றப் பதின்மூன்று நாள் ஆகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். பெட்ரோல் வண்டிகளுக்கு மறுநாளே கிடைத்துவிடுகிறதாம். என்னுடையது மின்சாரத்தில் ஓடும் பிக்கப். இரண்டு வரிசை இருக்கை, பின்னால் திறந்த தொட்டி. அந்த வகை வண்டி இங்கே அதிகமில்லை. உதிரிப்பொருள் எங்கிருந்தோ கப்பலேறி வரவேண்டியிருக்கிறது. பதின்மூன்று நாளும் பின்கதவில் பாலித்தீன் தாளை ஒட்டிக்கொண்டு அலுவலகம் போய்வந்தேன். சற்று வேகமெடுத்தால் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். எஞ்சின் சத்தம் இல்லை என்பதற்காகவே அந்த வண்டியை வாங்கியவன் நான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கண்ணாடியால் சிரமப்பட்டவர்களின் பட்டியலில் என்னை யாரும் சேர்ப்பதில்லை.

நீங்கள் கேட்டபடி வரிசையாகவே சொல்கிறேன்.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் போயின, பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மிஞ்சியது. அப்படி மிஞ்சுவது வழக்கம்தான் என்றார் மருத்துவர்; சிலருக்கு ஒரு வசவு மிஞ்சுமாம், சிலருக்கு மனைவியின் பெயர். அண்ணனுக்கு மிஞ்சியது ‘அப்புறம்?’ என்பது. பசித்தாலும் அதுதான், வயிறு நிறைந்தாலும் அதுதான்.

உறவினர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அதுவரை யாரையும் பேசவிடாதவர் என்று பெயரெடுத்தவர் அவர். எங்கள் அத்தை தன் மருமகளைப் பற்றி இரண்டரை மணி நேரம் அவரிடம் முறையிட்டாள். அவர் அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “இந்த வீட்டுலயே காது கொடுத்துக் கேக்கற ஒரே மனுஷன் இவன்தான்டா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், போகும்போது என் தோளைத் தட்டி, “தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொன்னாங்க” என்றாள். அந்தப் பழமொழி படையைப் பற்றி மட்டுமே உறுதி அளிக்கிறது. தம்பியைப் பற்றி அதில் உறுதிமொழி ஏதுமில்லை.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். இயந்திரங்களோடு வரும் பயன்பாட்டுக் கையேடுகளைத் திருத்துகிறேன். மிக்ஸி, வெந்நீர்க் கலன், மின்தூக்கி. என் மேசையைக் கடந்துபோன வாக்கியத்தில் ஐயத்துக்கு இடமிருக்காது. பகலெல்லாம் வாக்கியங்களை முடித்துவைத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். “கதவைச் சாத்திட்டேன்” என்பேன். “அப்புறம்?” என்பார். “சாப்பாடு போடறேன்.” “அப்புறம்?” “தூங்க வேண்டியதுதான்.” “அப்புறம்?” நான்கு ஆண்டுகளில் என் வீட்டில் ஒரு வாக்கியம்கூட முற்றுப்பெறவில்லை.

இப்போது நீங்களும் அந்தச் சொல்லைச் சொன்னீர்கள். விசாரணையில் வழக்கமாகக் கேட்பதுதான் என்று அறிவேன். ஆனாலும் தவிர்த்தால் நன்றியுடையவனாவேன்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருவார். செவ்வாய்க்கிழமை அவருக்கு விடுமுறை. ஆகவே செவ்வாய்தோறும் அண்ணனை அலுவலகத்துக்குக் கூட்டிப்போவேன். சக்கர நாற்காலி தொட்டியில், அவர் பின்னிருக்கையில். அந்த வண்டியில் ஒரு வசதி உண்டு. நிறுத்திப் பூட்டிய பிறகும் குளிரூட்டி ஓடும். முன்திரையில் ‘உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது, உரிமையாளர் விரைவில் வருவார்’ என்று பெரிய எழுத்தில் தெரியும். நாய் வளர்ப்பவர்களை எண்ணிச் செய்தது. அண்ணனுக்கும் பொருந்தியது.

வண்டியின் கையேட்டை நான் முழுவதும் படித்திருக்கிறேன். வாங்கியவர்களில் அதைச் செய்தவன் நான் ஒருவனாகவே இருப்பேன். குழந்தைகளையும் இயலாதவர்களையும் பூட்டிய வண்டிக்குள் விட்டுச்செல்லக் கூடாது என்ற எச்சரிக்கை இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நன்றாக எழுதப்பட்ட எச்சரிக்கை. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. வெயிலில் எத்தனை நிமிடத்தில் உள்வெப்பம் எவ்வளவு ஏறும் என்று ஓர் அட்டவணையும் கொடுத்திருந்தார்கள். பயனுள்ள அட்டவணை.

கண்ணாடி உடைந்த அந்த முதல் செவ்வாயைப் பற்றி, குளிரூட்டியைப் போட மறந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பெரும்பாலும் உண்மை. போட மறக்கவில்லை, போட்டுவிட்டுத்தான் போனேன். கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தபோது கைபேசியில் அதை நிறுத்தினேன். வண்டி இவற்றையெல்லாம் நிமிடத்தோடு பதிந்துவைக்கும் என்பதும் கையேட்டில் இருக்கிறது. உங்கள் கையில் உள்ள தாளில் இரண்டு மணி பதினான்கு என்று இருக்குமானால், அது சரி.

இருபத்தாறு நிமிடம் கழித்து ஒரு கூரியர்காரர் சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையைக் கழற்றி, பின்கதவுக் கண்ணாடியை உடைத்து, அண்ணனை வெளியே இழுத்தார். நான் கீழே வந்தபோது அண்ணன் நிழலில் கிடந்தார். யாரோ தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இருக்கை முழுவதும் கண்ணாடி, பொரியைக் கொட்டியதுபோல. கூரியர்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிருங்க சார், வேற வழி தெரியல” என்றார். நான் மன்னித்தேன். அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அண்ணன் மகள் வெளிநாட்டிலிருந்து அழைத்து அழுதாள். “நாலு வருஷமா ஒத்த ஆளா சுமக்கறீங்க சித்தப்பா. யாருக்குத்தான் மறதி வராது? இன்னும் மூணு மாசம். வீடு பாத்துட்டேன். அப்பாவ நான் கூட்டிட்டு வந்துடறேன்.”

நீங்கள் கேட்கப்போவது தெரியும். மூன்று மாதம் பொறுத்திருக்கலாமே என்று. அப்படிப் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். தம்பியால் முடியவில்லை, மகள் வந்து கூட்டிப்போனாள் என்று ஆகியிருக்கும். அண்ணன் விழுந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் அத்தனை பேர் முன்னிலையில், “கடைசிவரைக்கும் நான் பாத்துக்கறேன்” என்று சொன்னவன் நான். கொடுத்த வாக்கைப் பாதியில் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வது என் இயல்பில்லை. அவளிடமும் அதையே சொன்னேன். “கடைசிவரைக்கும் நான் பாத்துக்கறேன்மா.” அவள் மேலும் அழுதாள். கடைசி எப்போது என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, நான்கு ஆண்டுகளுக்கு முன்பும் கேட்கவில்லை.

பதினான்காம் நாள், அதுவும் செவ்வாய், வண்டியோடும் அண்ணனோடும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், வாய் ஓயாதவர், ஆனால் கை சுத்தம். அண்ணனை நாற்காலியில் இறக்கி மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார். பிறகு வண்டியின் மின்னிணைப்பைக் கழற்றினார். “கரன்ட் வண்டின்னா முதல்ல தூங்க வெக்கணும் சார். இல்லன்னா கதவைத் தொட்டதும் முழிச்சிக்கிட்டு நம்மளயே முறைக்கும்.”

இரண்டு வகைக் கண்ணாடிகளை அவர்தான் எடுத்துக்காட்டினார். பழைய வகை உடைந்தால் உதிர்ந்துவிடும், டெம்பர்ட் என்றார். மற்றது இரண்டு தகடுகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டியது, லேமினேட். முன்கண்ணாடி அந்த வகைதான். “விலை கூடின மாடலுக்குப் பின்னாடியும் இதுதான் வருது. உங்க வண்டிக்கும் உக்காரும். சுத்தியலால போட்டாலும் சிலந்திவலையாட்டம் விரியுமே ஒழிய வழிவிடாது. வெளிச்சத்தம் உள்ள வராது.”

“உள்ளிருக்கற சத்தம்?”

“அதுவும் வெளிய போகாது. புருஷன் பொண்டாட்டிக்கு ரொம்ப வசதி சார்.”

லேமினேட்டைப் போடச் சொன்னேன். உடைந்த ஒன்றை மாற்றும்போது, மறுபடி உடையாததாகப் பார்த்து வாங்குவது எந்தக் குடும்பத்திலும் நடப்பதுதான்.

அவர் கதவின் உள்பலகையைக் கழற்றினார். ஒவ்வொரு கிளிப்பையும் ஒரு கிண்ணத்தில் போட்டார். கதவின் வயிற்றில் கிடந்த சில்லுகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினார். இடையிடையே அண்ணனோடு பேச்சு.

“அஞ்சு நாளா அவ அம்மா வீட்டுல இருக்காண்ணே.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நானே நேர்ல வந்து கூப்பிடணுமாம்.”

“அப்புறம்?”

“மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

“அப்புறம்?”

கண்ணாடிக்காரர் வேலையை நிறுத்தினார். “போங்கறீங்க. சரிண்ணே. சாயங்காலமே போறேன்.” ஒரு மணி நேரத்தில் அவர் என் அண்ணனுக்குத் தம்பியாகிவிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை.

பிறகு கதவின் விளிம்பைக் குனிந்து பார்த்தவர், “சைல்ட் லாக் போட்டிருக்கே சார், உள்ளேர்ந்து கதவு திறக்காதே. வீட்ல சின்னப் பசங்களா?” என்றார்.

“இல்லை.”

“அப்ப எடுத்து விட்டுடட்டுமா?”

“இருக்கட்டும்.”

அவர் கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனார். “கண்ணாடிய வெளியேர்ந்து உடைச்சிருக்காங்க. ஆனா இந்த நகக்கீறல் பூரா உள்ளேர்ந்து வந்தது.” திரும்பி அண்ணனைப் பார்த்தார். “அண்ணே, நீங்களா கீறினது?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான்கு ஆண்டுகளில் அன்றுதான் முதன்முறையாக எதையும் கேட்காமலிருந்தார்.

அந்த நேரத்தில் நான் பில்லைச் சரிபார்க்க உள்ளறைக்குப் போனேன். இங்கே என் தவறு ஒன்று இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பில் தயாராக முக்கால் மணி நேரம் ஆயிற்று; அதை மூன்று முறை படித்தேன். தேதி, வண்டி எண், வலப்பக்கம், பின்கதவு, லேமினேட் வகை. ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. எந்தக் கண்ணாடியின் மூலையிலும் அதன் வகை சிறு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அதை நான் படிக்கவில்லை. காகிதம் சரியாக இருந்தால் பொருளும் சரியாக இருக்கும் என்று நம்பியே இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தபோது கண்ணாடி ஏறியிருந்தது; அண்ணன் இருக்கையில் இருந்தார்; கண்ணாடிக்காரர் அவர் சட்டைப்பையைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னை வழியனுப்பும்போது அவர் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு செவ்வாய்களில் வானம் மேகமூட்டமாக இருந்தது. அட்டவணை மேகமூட்டத்துக்குப் பொருந்தாது.

மூன்றாவது செவ்வாய் நல்ல வெயில். அலுவலக வளாகத்தில் இடமில்லை என்று பக்கத்துக் கடைவளாகத்தின் வாகன நிறுத்தத்துக்குப் போனேன். ஐந்து மாடி, மேல்தளத்துக்குக் கூரை கிடையாது. அங்கே பகலில் யாரும் நிறுத்துவதில்லை. அண்ணனை வலப்பக்கம் உட்கார வைத்தேன், அது அவருக்குப் பழகிய இடம். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்தேன். ஒற்றைக் கையால் அந்த மூடியைத் திறக்க முடியாது என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். நான் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும், அது கவனக்குறைவு. “வேலை முடிஞ்சதும் வந்துடறேன்” என்றேன். அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். நான் கதவைச் சாத்தினேன். இந்த முறை குளிரூட்டியைப் போடவே இல்லை. போட்டுவிட்டு நிறுத்துவது நேர்மையாகப் படவில்லை. அலுவலகத்தில் அன்று எனக்கு ஓர் அறை சூடேற்றியின் எச்சரிக்கைப் பக்கம் வந்திருந்தது. அதில் பதினேழு திருத்தங்கள் செய்தேன். எல்லாமே சரியான திருத்தங்கள். வேண்டுமானால் வரவழைத்துப் பாருங்கள்.

மறதி இல்லை. மனம் பேதலிக்கவும் இல்லை. அவர் உயிர் போக வேண்டும் என்று எண்ணியே பூட்டினேன், இரண்டு முறையும். இதில் நான் கையெழுத்திடுகிறேன்.

நான்கு மணிக்கு உங்கள் அழைப்பு வந்தது. அண்ணன் மருத்துவமனையில் நலமாக இருக்கிறார் என்றும், சட்டைப்பையில் பேனா அளவில் ஒரு கருவி இருந்ததாகவும், கண்ணாடியின் மூலையில் அதை வைத்து இடக்கையால் அழுத்தியதில் கண்ணாடி முழுவதும் உதிர்ந்ததாகவும், வெளியே நீண்ட கையைக் கண்டு ஒரு பெண்மணி ஓடிவந்ததாகவும் சொன்னீர்கள். நலமாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறு. லேமினேட் கண்ணாடி உதிராது.

கண்ணாடிக்காரரின் வாக்குமூலத்தை நீங்களே எனக்குப் படித்துக்காட்டினீர்கள். “டெம்பர்ட்தான் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். அண்ணன் கையில கண்ணாடி உடைக்கற அந்த ஊசிய வெச்சு, மூலையில வெச்சு அழுத்துங்கண்ணேன்னு மூணு தடவ செஞ்சு காட்டுனேன்.” இதை அவர் பெருமையாகவே சொல்லியிருக்கிறார். நீங்களும் தலையசைத்தபடியே படித்தீர்கள். சந்தேகம் இருந்தால் அவர் புகார் கொடுத்திருக்க வேண்டும். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. பில்லில் ஒன்றை எழுதிவிட்டுக் கதவில் வேறொன்றைப் பொருத்துவதற்கு என்ன பெயர் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே என் ஒப்புதலைப் பதிந்துகொள்ளும் அதே கையோடு என் புகாரையும் பதிந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குத் தனித் தாள் வேண்டும். என் பொருட்டு இல்லை; எனக்கு இனி அந்த வண்டி தேவைப்படாது. அந்தக் கடைக்கு நாளைக்கும் நாலுபேர் போவார்கள். இன்ன கண்ணாடி என்று நம்பி, பெற்றவர்களையும் உடன்பிறந்தவர்களையும் உள்ளே உட்கார வைப்பார்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒரு மனிதன் இவ்வளவு அலட்சியமாக இருக்கக் கூடாது.