வாத்துக்கு அடியில் சாவி

விருத்தாசலத்தில் கிளம்பிய பெண்ணாடம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பீங்கான் கம்பெனியில் வேலை முடிந்து வருகிறவர்கள். முழங்கை வரை வெள்ளை மாவு. ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"படம் காட்டுற கேம்ல செத்தாக்கூட பயமில்லடி. எழுத்து கேம்லதான் பயமா இருக்குது."

"என் கேம்லயாவது ராட்சசன் கண்ணெதிர வரான். உன்னுதுல வெறும் எழுத்து. படிச்சுட்டு 'கதவைத் திற'ன்னு டைப் அடிக்கிற. அதுல என்ன பயம்?"

"உன்னுதுல எல்லாத்தையும் அவனே வரைஞ்சு குடுத்துடுறான். இதுல ஆடுறவங்களே ஆளுக்கொரு இடம் எழுதி வைக்கணும். மத்தவங்க படிச்சுட்டு உள்ள வருவாங்க."

"நீ என்ன எழுதுன?"

"கோட்டையெல்லாம் எழுத வரல. எங்க வூட்டையே எழுதிட்டேன். பச்சைக் கதவு, வாசல்ல கழுத்து வெடிச்ச பீங்கான் வாத்து."

"வாத்துக்கு அடியிலதான சாவி வைப்ப?"

"அதையும் எழுதிட்டேன்."

"நம்ம ஊர் பேரையுமா எழுதுன?"

"கருவேப்பிலங்குறிச்சின்னுதான் இடத்துக்கே பேரு வச்சேன்."

ஜன்னலோரம் இருந்தவள் போனில் அந்த கேமைத் திறந்தாள்.

"நேத்து கேம்ல யாரோ வந்து 'வாத்தைத் தூக்கு, சாவியை எடு'ன்னு அடிச்சான். வெளையாட்டுதானன்னு விட்டுட்டேன். காலைல வாத்து செவுத்தப் பாத்து திரும்பியிருந்துச்சு. அடியில சாவி இல்ல. இன்னொரு சாவியில பூட்டிட்டு வந்தேன்."

"இப்ப வூட்ல யாரு?"

"யாருமில்ல." போனை நீட்டினாள். "படி."

மற்றவள் மெதுவாகப் படித்தாள்: "பச்சைக் கதவு வீட்டுக்குள் ஒருவர் இருக்கிறார்."

கண்டக்டர் கருவேப்பிலங்குறிச்சி என்று இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.