காற்றுப் படாத சரிவு

பென்டில் ஹில் நிலையத்தில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே அமர்ந்தார்கள். ஒருத்தி கைப்பேசியை நீட்டி, “பிள்ளைகளைப் பாக்காதீங்கோ, பின்னால மலையைப் பாருங்கோ” என்றாள்.

“உங்க பையன் சிரிக்கிறதுதான் தெரியுது. தமிழ்ச் சங்கத்தோட பனிமலைச் சுற்றுலாவிலேருந்து இப்ப வந்த படமா?” என்றாள் தோழி, தமிழ்நாட்டுக்காரி.

“ஓம். உச்சியில பனி தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கொண்டு நிக்குது. அதில ஒரு கோடு ஓடுது. அது வெடிப்பு.”

“நிலவியல் படிச்சவங்களுக்கு எங்க பார்த்தாலும் வெடிப்பு!”

“நான் அங்க வருசாவருசம் ஸ்கீ ஓடுறனான். காத்து மற்றப் பக்கத்துப் பனியை அள்ளி இந்தச் சரிவிலதான் கொட்டும்.”

“அப்ப சங்கத்து ஆளுங்க ஏன் அங்க போய் உட்கார்ந்தாங்க?”

“காஸ் அடுப்பு மூட்டத்தான். தலைவருக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி வேணும். காத்துப் படாத இடமாத் தேடியிருக்கினம். அதுதான் பனி குவியிற சரிவு.”

தோழியின் சிரிப்பு நின்றது.

படம் காட்டியவள் தலைவரை அழைத்தாள். ரயில் டூங்கபி நிலையத்தைக் கடந்தபோதுதான் அவர் எடுத்தார். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“என்ன தங்கச்சி, லீவு நாளிலயும் கல்லு ஆராய்ச்சியோ?”

“பகிடி விடாதீங்கோ அண்ணை. மேல பனி உடையப் போகுது. அடுப்பை விட்டிட்டு எல்லாரையும் அங்கால கூட்டிக்கொண்டு போங்கோ.”

“தண்ணி கொதிக்குது. குடிச்சிட்டு வெளிக்கிடுறம்.”

“இப்பவே போங்கோ! மகன் எங்க?”

“சறுக்குப் பலகையோட மேல ஏறிட்டான்.”

“கூப்பிடுங்கோ.”

அவர் சிறுவனின் பெயரை உரக்கக் கூப்பிடுவது எங்களுக்குக் கேட்டது. மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை குரலில் பகிடி இல்லை. அவர்கள் இறங்க வேண்டிய செவன் ஹில்ஸ் நிலையம் வந்தது. இருவரும் இறங்கவில்லை.